அழித்த வரி

டாக்டர் கூப்பிடுவார், பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கூப்பிட்டதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வேண்டியதுதான், இத்தனை வருஷம் அதைத்தானே செய்து சோறு தின்றேன், தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் அடிப்பேன், இதற்குப் போய் உள்ளங்கை ஏன் இப்படி வேர்க்கிறது. எதிரில் அந்தம்மா உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான். கலாமணி என்று பெயர், திருமுருகன்பூண்டிப் பக்கம் வீடு. கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து கால் கடுக்க நின்றவரை நான்தான் பெரிய தர்மவான் மாதிரி உள்ளே கூப்பிட்டு, என் மேசைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்கம்மா என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தால் பாதி முகம்தான் தெரிந்திருக்கும். இப்போது முழு முகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மடியில் ஒரு மஞ்சப் பை, அதற்குள் தண்ணீர் பாட்டில், கழுத்தில் அவர் வேலை செய்யும் கம்பெனியின் அடையாள அட்டை, கழற்ற மறந்துவிட்டார் போல. அவருடைய அப்பா நாச்சிமுத்து போன மாதம் இந்த ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஃபைலில் ஈசிஜி இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, நர்ஸ் குறிப்பு இருக்கிறது, எப்படி வந்தார், என்ன செய்தார்கள், எப்படி இறந்தார் என்று டாக்டர் கோர்வையாகச் சொல்லும் அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. எழுத வேண்டிய டியூட்டி டாக்டர் மேல்படிப்புக்குப் போய்விட்டார். பெரிய டாக்டர் ஜெயப்பிரகாஷ் கோயமுத்தூரிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறார். எங்கள் ரெக்கார்டு ரூம் பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடம் போனில் கேட்டதற்கு, புதுசா வந்திருக்கிறவர் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆளாமே, அப்ப நான் கார்லயே சொல்லிடறேன், அடிச்சு வைக்கச் சொல்லுங்க, வந்து கையெழுத்துப் போட்டுடறேன் என்றாராம். ஸ்டெல்லா மேடத்துக்கு ஒரே சந்தோஷம். பாத்தீங்களா தாமோதரன், உங்க பழைய வேலை இங்கயும் உதவுது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பழைய வேலை. அதில் முகமே கிடையாது, அதுதான் அதன் சுகம் என்று அப்போது தெரியவில்லை. காதில் ஹெட்போன், கையில் கீபோர்டு, காலுக்குக் கீழே பெடல். வலது காலை அழுத்தினால் எங்கோ அமெரிக்காவில் நோயாளியைப் பற்றிச் சொல்லிப் பதிவு செய்த ஒரு டாக்டர் பேசுவார், எடுத்தால் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார், குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் நாலு வார்த்தை பின்னால் போய் மறுபடியும் சொல்லுவார். எவ்வளவு பெரிய டாக்டரானாலும் என் காலுக்குக் கட்டுப்பட்டவர். இங்கே வந்த முதல் வாரம் கவுண்டரில் ஒருவர், ஃபைல் கிடைக்கவில்லை என்று என்னைப் பிடித்துக் கத்தினார், நான் மேசைக்கு அடியில் வலது காலைத் தூக்கிவிட்டேன். அவர் நிற்கவில்லை. திரும்பத் திரும்பத் தூக்கினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்தாள், என்னையுந்தான் அப்படி நிறுத்தப் பார்த்திருக்கீங்க என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாய்க்குள் ரொட்டியை மென்றுகொண்டு பேசுகிற டாக்டர் உண்டு, நாய்க்குட்டியைக் கொஞ்சிக்கொண்டே புற்றுநோயைச் சொல்லுகிறவர் உண்டு, ஒரு பெண் டாக்டர், குரலை வைத்து அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா, தூங்கவில்லையா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவேன். ஆனால் அதையெல்லாம் அடிக்கக் கூடாது. இருமல், தும்மல், கொட்டாவி, டிரைவரிடம் பேசியது, எதுவும் அடிக்கக் கூடாது. நோயாளிக்குச் சேர வேண்டியது மட்டும்தான் தாளில் வர வேண்டும். அது காது வழியாக நுழைந்து விரல் வழியாக வெளியே போய்விடும். நடுவில் நான் என்று ஒருவன் இருந்தேனா என்பதே சந்தேகம். நாள் முழுக்கச் சாவை அடித்துவிட்டு, போகிற வழியில் வீட்டுக்குப் புரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு போவேன். கல்நெஞ்சம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். கல்லும் இல்லை, நெஞ்சும் இல்லை, குழாய், அவ்வளவுதான். அப்புறம் டாக்டர் பேசுவதை மெஷினே கேட்டு எழுத ஆரம்பித்தது, நாங்கள் அது எழுதியதைத் திருத்தினோம், அப்புறம் திருத்துவதற்கும் அதிகம் பேர் தேவைப்படவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி எல்லோருக்கும் கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெடலைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வரும்போது செருப்பில்லாமல் ரோட்டில் இறங்கின மாதிரி இருந்தது.

கலாமணி பாட்டிலைத் திறக்கிறார், குடிக்காமல் மூடுகிறார். எட்டு மணிக்கெல்லாம் வந்து நின்றவர். காலையில் அவர் கேட்டதை மறக்கவே முடியவில்லை, அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன், பெடலையும் கேக்கையும் நினைப்பதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான். "இன்சூரன்சுக்குக் கேக்கறாங்கன்னு தம்பி சொல்றானுங்க சார். அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க. முந்தின நாள் ராத்திரியே கூட்டிட்டு வந்திருந்தா எங்கப்பா பொழைச்சிருப்பாருங்களா? அது அந்தப் பேப்பர்ல இருக்குமுங்களா?" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஸ்டெல்லா மேடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே படித்துப் படித்துச் சொன்னார், கவுண்டர்ல எதையும் விளக்காதீங்க தாமோதரன், பேப்பரைக் கொடுங்க, கையெழுத்து வாங்குங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் வம்பு, உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை என்று. அதைக் காதில் வாங்கிக்கொண்டு நான் என்ன செய்தேன்? "எல்லாமே அதுல இருக்கும்மா" என்றேன். வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இவர் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். பழைய வேலையில் ஒரு சட்டம் உண்டு, எல்லாச் சட்டத்தையும்விடப் பெரிய சட்டம். கேட்பது நிச்சயமில்லை என்றால் ஊகித்து அடிக்காதே, அந்த இடத்தை வெறுமையாக விடு. கோடு போட்டு விட்டுவிட்டால் மேலே இருப்பவர்கள் கேட்டு நிரப்பிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் வெறுமையாக விட வெட்கப்பட்டுக்கொண்டு எதையாவது அடித்து வைப்பார்கள், மருந்தின் அளவே மாறிப்போகும், திட்டு வாங்குவார்கள். நான் ஒருநாளும் அப்படி அடித்ததில்லை. இங்கே ஒரு ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாமே இருக்கும் என்று அடித்துவிட்டேன். யார் இனி அதைக் கேட்டு நிரப்புவது.

முந்தின நாள் ராத்திரியே. தாமதமாகக் கொண்டுவரப்பட்டார் என்பதை நான் எத்தனை தரம் அடித்திருப்பேன், இங்கிலீஷில் அது நாலைந்து வார்த்தை, அதற்கென்று ஒரு சுருக்கெழுத்து வைத்திருந்தேன், ரெண்டு எழுத்தைத் தட்டினால் முழு வாக்கியமும் வந்து விழும், நேரம் மிச்சம். கொண்டுவரப்பட்டார் என்றால் கொண்டுவந்தவர் ஒருவர் இருந்திருப்பார் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லையே. தாமதம் என்பதற்கு ஒரு வீடு இருந்திருக்கும், ஒரு சமையலறை, கஷாயம் போட்டுக் கொடுத்த கை, போகலாமா வேண்டாமா என்று ஒரு பேச்சு. இரண்டு எழுத்தில் அத்தனையையும் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த ரெக்கார்டு ரூமுக்கு வந்த புதிதில் ரேக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. காதில் கேட்டதெல்லாம் இப்படித் தடிமனாக, தூசியாக, கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் என்று நினைக்கவே இல்லை. இறந்தவர்களின் ஃபைல் முதுகில் சிவப்பு ஒட்டுத்தாள். எடுக்கும்போது கனக்கிறது, சில ஃபைலில் யாரோ டீ சிந்தியிருக்கிறார்கள், ஒன்றில் திருநீற்றுப் பொட்டலம் செருகியிருந்தது, ஐசியு வாசலில் நின்ற யாரோ வைத்திருப்பார்கள், அதை எடுத்துப் போடுவதா வைப்பதா என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். "சார், டாக்டர் மறந்துட்டாராட்ட இருக்குதுங்க" என்கிறார் கலாமணி. "வந்துடுவாரும்மா, கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு" என்கிறேன். கூப்பிடாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. நாளைக்கு வாங்கம்மா என்று அனுப்பிவிடலாம், நாளைக்கு எனக்கு வார விடுப்பு, வேறு யாராவது கொடுப்பார்கள். சீ, என்ன ஜென்மம் நான்.

போன் அடிக்கிறது. இயர்போனை மாட்டுகிறேன், வலது கால் தானாகப் போய்த் தரையில் அழுந்துகிறது, அங்கே பெடல் இருக்கிற மாதிரி. கார் சத்தம், ஹாரன், அதற்கு நடுவில் டாக்டர் குரல். நிதானமான குரல், நல்ல குரல், இவரிடம் வேலை பார்த்திருக்கலாம். "ரெடியா தாமோதரன்? நோட்ஸெல்லாம் என் போன்ல இருக்கு. ஸ்டார்ட் பண்றேன்." ஆரம்பித்துவிட்டார், இங்கிலீஷில், விரல் ஓடுகிறது, ஆகா எத்தனை நாளாயிற்று, விரலுக்கு என்ன குஷி. அறுபத்தேழு வயது ஆண், சர்க்கரை உண்டு, முந்தின இரவு முதல் நெஞ்சில் பாரம், காலையில் மூச்சுத் திணறல், அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டபோது ரத்த அழுத்தம் மிகக் குறைவு, ஈசிஜியில் பெரிய மாரடைப்பு. என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் கலாமணி. முகத்தைப் பார்த்தாலும் பரவாயில்லை, விரலை ஏன் பார்க்கிறார். அவருக்கு ஸ்க்ரீன் தெரியாது, மானிட்டரின் முதுகுதான் தெரியும், டாக்டர் குரலும் கேட்காது, அவருக்குக் கிடைப்பதெல்லாம் என் பத்து விரல் மட்டும்தான். அவருடைய அப்பா அந்தப் பத்து விரலில் இப்போது இறந்துகொண்டிருக்கிறார். குழாய் போடப்பட்டது, மருந்து கொடுக்கப்பட்டது, இதயம் நின்றது, நெஞ்சை அழுத்தினார்கள், மறுபடியும் அழுத்தினார்கள், பலனில்லை, உறவினர்களிடம் தெரிவிக்கப்பட்டது. உறவினர்கள் என்பது இதோ ஸ்டூலில் இருக்கிறது, அடையாள அட்டையைத் திருகிக்கொண்டு. டாக்டர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை, காது கேட்கிறது, விரல் அடிக்கிறது, அடுத்த வரியும் அப்படியே வந்து விழுந்துவிட்டது, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டேன். யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். டாக்டர் தமிழுக்கு மாறுகிறார். "தாமோதரன், அந்தக் கடைசி வரி வேண்டாம். எடுத்துடுங்க. எழுதி என்ன ஆகப்போகுது. பாவம்." சரிங்க சார் என்கிறேன். என்ன வரி அது? அடித்த எனக்கே தெரியாது, வழியே போய்விட்டது. தொழில் தெரிந்தவன் ஒரே இழுப்பில் முழு வரியையும் பிடித்து ஒரே தட்டில் அழித்துவிடுவான். நான் ஏனோ பேக்ஸ்பேஸில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, டக், டக், டக், கடைசியிலிருந்து. காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்பது முதலில் போகிறது. அப்புறம் ஒருவேளை போகிறது. அப்புறம் முந்தின இரவே, இங்கிலீஷில் அந்த வரிசை. அழிக்கும்போதுதான் படிக்கிறேன். முந்தின இரவே கொண்டுவரப்பட்டிருந்தால் ஒருவேளை காப்பாற்றப்பட்டிருக்கலாம். கை நின்றுவிட்டது. என் கண் என்னைக் கேட்காமல் ஸ்க்ரீனை விட்டு எழுந்து அந்தம்மா முகத்துக்குப் போய்விட்டது. மிச்சத்தையும் அழிக்கிறேன். "ஆச்சுங்களா? சாயங்காலம் வந்து சைன் பண்ணிடறேன்" என்று டாக்டர் வைத்துவிடுகிறார். இயர்போனைக் கழற்றுகிறேன். ரூமில் ஏசி சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது.

"என்னத்தைங்க அழிச்சீங்க?" என்கிறார். "ஒண்ணுமில்லம்மா, தப்பா அடிச்சுட்டேன்." "அவ்வளவு நீளமாங்க?" நான் பிரிண்டர் பக்கம் திரும்புகிறேன், தாள் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "நான் பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறேனுங்க சார். தப்பாத் தெச்சா பிரிப்பாங்க, பிரிச்சா மறுபடியும் தெப்பாங்க. நீங்க பிரிச்சீங்க, மறுபடி தெக்கலீங்க." கோபமாகச் சொல்லவில்லை, ஒரு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "அழிச்சுட்டு என்னைப் பாத்தீங்க." என் வலது கால் தரையை விட்டு எழும்பிவிட்டது. நிற்கட்டும், இந்தப் பேச்சு இங்கேயே நிற்கட்டும். டாக்டர் தும்மினார் என்று சொல்லலாம், வேறு நோயாளியைப் பற்றி ஏதோ கலந்துவிட்டது என்று சொல்லலாம், எது சொன்னாலும் இவரால் என்ன செய்ய முடியும், அழித்தது அழித்ததுதான், தாளில் இல்லை, டாக்டரே எடுக்கச் சொன்னது, நல்ல மனசோடு சொன்னது, பாவம் என்று சொன்னது, ஸ்டெல்லா மேடம் சொன்னதும் அதுதான், பேசாதே என்பதுதான். இவரும் பேப்பரை வாங்கிக்கொண்டு போவார். பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பார். பக்கத்து வீட்டில் படித்த பிள்ளை யாரிடமாவது கொடுத்து வரி வரியாக அர்த்தம் கேட்பார். அதில் இருக்காது. எல்லாமே இருக்கும் என்று சொன்னானே அந்த ஆள் என்று நினைப்பார். பிறகு காலம் முழுக்க என் விரலை நினைத்துக்கொண்டிருப்பார், அந்த விரல் என்ன அழித்தது, என்ன அழித்தது என்று. சொன்னால்? சொன்னால் இந்த ஸ்டூலிலேயே மடங்கி விழுந்துவிட்டால்? நாளைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து டாக்டர் இப்படிச் சொன்னாராமே என்று கவுண்டரில் நின்றால்? என் வேலை போகட்டும், இந்தப் பெண் என்ன ஆவார்? தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தை வெறுமையாக விட வேண்டும், நிரப்பக் கூடாது, தப்பா அடிச்சுட்டேன் என்று நான் சொன்னதுதான் நிரப்பியது.

"ஒரு வரிம்மா" என்றேன். "முந்தின ராத்திரியே வந்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாரு. ஒருவேளைன்னுதான் சொன்னாரு. அப்புறம் அவரே எடுத்துடுங்கன்னுட்டாரு. ஒருவேளைக்கு மேல அவருக்கும் தெரியாதும்மா. எனக்கும் தெரியாது." சொல்லி முடித்ததும் தண்ணீர் கொடுப்பதா, ஸ்டெல்லா மேடத்தைக் கூப்பிடுவதா என்று பார்த்தேன். அவர் விழவில்லை. அழவும் இல்லை. அட்டையைத் திருகுவதை நிறுத்தினார், பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார், எங்கோ தூரத்திலிருந்து நடந்து வந்து இப்போதுதான் உட்கார்ந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். "ஊட்டுக்கு வந்தவங்க எல்லாரும் உம்மேல தப்பில்ல கண்ணு, விதி கண்ணு, அவ்வளவுதான் நாளுன்னுட்டுப் போறாங்க சார். தம்பியும் அதையேதான் சொல்றான். நான் என்னமோ சொல்ல வாயைத் தொறந்தாப் போதும், தப்பில்லைன்னு வாயை அடைச்சுடறாங்க. ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க." கீபோர்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன். "எல்லார்த்துகிட்டயும் அப்பாதான் காலையில பாத்துக்கலாமுன்னு சொன்னாருன்னு சொல்லி வெச்சிருக்கறேனுங்க" என்று சொல்லி நிறுத்தினார். கவுண்டரில் யாரோ வந்து கம்பியைத் தட்டினார்கள், நான் திரும்பவில்லை. "அப்பா சொல்லலீங்க. ஆட்டோ புடிக்கலாமா கண்ணுன்னு கேட்டாருங்க. நான் அப்பத்தான் ஓவர்டைம் முடிச்சுட்டு வந்து படுத்தேன்."

அங்கே நின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உன் மேல் தப்பில்லை என்று நானும் சொல்லப்போகிறேனா என்று பார்த்தார். சொல் வாய்வரை வந்தது. வலது கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது, அதைக் கீழே இறக்கித் தரையில் அழுத்தினேன். அவர் மேலே சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்வரை நான் காலை எடுக்கவில்லை.